எட்டணாவுக்கு எட்டுக் கடி

பழைய கதை பேசுவதற்கு நம்ம பதிவுலகத்தில் ‘கொசுவத்தி சுத்துறது’ என்று ஒரு பேர் வைத்திருந்தோம், ஞாபகம் இருக்கா? இன்னிக்கு நான் சுத்தப் போவது நிஜமான கொசுவத்தி. கொசுவைப் பற்றிய கதை. கதை நடந்த இடம் என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கால் மணி நேரம்.

அடியேன் பேங்க் உத்தியோகஸ்தன். 2004-ல் ட்ரான்ஸ்ஃபரில் செகந்தராபாத் வந்து இறங்கினேன். முதலில் பத்மராவ் நகர், ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்குப் பக்கத்தில். பிறகு மாரேட்பள்ளியில் ஒரு அபார்ட்மென்ட். ஆபீஸ் அமீர்பேட்டில். அதனால் பேகம்பேட் வழியாகப் போய் வருவது தினப்படி வழக்கம். அங்கே பழைய ஏர்போர்ட் பக்கத்தில் ஒரு பழங்காலத்துக் கட்டடம் இருக்கிறது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கு முதல் சாட்சி கிடைத்த இடம் அது. ஒன்பது வருஷம் அந்தப் பக்கம் போய் வந்தும் எனக்கு அது தெரியாது.

தெரிய வைத்தது என் சின்னப் பொண்ணு. 2013 செப்டம்பரில் அவளுக்கு டெங்கு. அப்போது எட்டு வயசு. ஆஸ்பத்திரியில் அஞ்சு நாள். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை பிளேட்லெட் எண்ணிக்கை வரும். அந்தச் சீட்டு வருகிற வரைக்கும் தங்கமணியும் நானும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்க மாட்டோம். ரெண்டாவது நாள் டாக்டரம்மா கேட்டார், “வீட்டில் எங்கேயாவது தண்ணி தேங்குதா சார்?”

“இல்லைங்க மேடம். நாங்க ரொம்ப சுத்தம்” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“சுத்தமான தண்ணியிலதான் சார் அது முட்டை போடும்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அந்த அஞ்சு ராத்திரியும் தூக்கம் வராமல் செல்ஃபோனில் கொசுவைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். அப்போது மாட்டியவர்தான் ரொனால்ட் ராஸ். அதற்கப்புறம் பல வருஷமாக அவரைத் தொடர்ந்து படித்துவிட்டேன். ஸ்கூல் புத்தகத்தில் ‘மலேரியாவைக் கண்டுபிடித்தவர்’ என்று ஒரு மார்க் கேள்வியாக வருவாரே, அதே ஆள்தான். (மலேரியாக் கிருமியை முதலில் பார்த்தவர் லாவெரன். ராஸ் கண்டுபிடித்தது அது கொசுவுக்குள் வளர்கிற விதத்தை. அந்த ஒரு மார்க்கை நாம எல்லாரும் தப்பாகத்தான் வாங்கியிருக்கிறோம்!)

ராஸ் பிறந்தது 1857 மே 13, இமயமலை அடிவாரத்து அல்மோராவில். அப்பா இந்தியப் படையில் அதிகாரி. பத்துக் குழந்தைகளில் மூத்தவர். எட்டு வயசில் இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். பையனுக்குப் படம் வரைய ஆசை, கவிதை எழுத ஆசை, கணக்கிலும் ஆசை. அப்பாவுக்கோ பையன் டாக்டராக வேண்டும். நம்ம வீட்டுக் கதை மாதிரியே இல்லை? லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரியில் வேண்டாவெறுப்பாகப் படித்து, ஒரு தேர்வில் தோற்று, கப்பல் டாக்டராகக் கொஞ்ச நாள் ஓட்டி, கடைசியில் 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். கிடைத்தது மெட்ராஸ் மாகாணம். முதல் பத்துப் பன்னிரண்டு வருஷம் மெட்ராஸ், பெங்களூர், பர்மா, அந்தமான் என்று ஊர் ஊராகப் போஸ்டிங். வேலை நேரம் போக மிச்சமெல்லாம் கவிதை, நாவல், கணிதம். வைத்தியத்தில் பெரிய ஈடுபாடு இல்லை.

அந்தக் காலத்துச் சம்பவம் ஒன்றை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன், கடைசியில் தேவைப்படும். 1883, பெங்களூர். அவர் குடியிருந்த பங்களாவில் கொசுத் தொல்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த ஒரு தொட்டித் தண்ணீரில் புழு நெளிவதைப் பார்த்தார். தொட்டியைக் கவிழ்த்தார். கொசு குறைந்துவிட்டது. உடனே படையின் அட்ஜுடன்ட்டிடம் போய் எல்லாத் தொட்டியையும் இப்படிக் கவிழ்த்தால் என்ன என்று கேட்டார். அவருக்கு அதில் இஷ்டமில்லை. கடவுள் படைத்த கொசு ஏதாவது காரணத்துக்காகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்கிற மாதிரி பதில். மலேரியாவும் கொசுவும் சம்பந்தப்பட்டவை என்பதே தெரியாத காலம் அது.

அப்போது மலேரியாவுக்குக் காரணம் கெட்ட காற்று என்றுதான் நம்பிக்கை. இத்தாலிய மொழியில் அந்தப் பேருக்கே அதுதான் அர்த்தம். 1880-ல் அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படை டாக்டர் லாவெரன், நோயாளியின் ரத்தத்தில் கறுப்புப் பொடி சுமந்த உயிர் ஒன்றைப் பார்த்தார். அதுதான் மலேரியாக் கிருமி. அந்தக் கறுப்புப் பொடியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே அதில்தான் இருக்கிறது. கிருமி நம் ரத்தச் சிவப்பணுவுக்குள் உட்கார்ந்து ஹீமோகுளோபினைத் தின்னும். தின்றது போக மிச்சக் கழிவுதான் அந்தக் கறுப்புத் துகள். அடுப்பு எரிந்த இடத்தில் கரி இருக்கிற மாதிரி, மலேரியா இருக்கிற இடத்தில் அந்தத் துகள் இருக்கும்.

சரி, கிருமி ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்கு எப்படிப் போகிறது? லண்டனில் பாட்ரிக் மேன்சன் என்ற டாக்டருக்குக் கொசு மேல் சந்தேகம். காரணம் இருந்தது. 1877-ல் சீனாவில் அமோய் என்ற ஊரில் வேலை பார்த்தபோது, கும்பகோணத்துக்காரர்கள் நன்றாக அறிந்த யானைக்கால் நோயின் புழு கொசுவுக்குள் வளர்வதை அவர் பார்த்திருந்தார். கொசுவுக்கு ரத்தம் கொடுத்தவர் அவர் வீட்டுத் தோட்டக்காரர். ஹின்லோ என்று பேர்.

1894-ல் லீவில் லண்டன் போன ராஸைப் பிடித்து உட்கார வைத்து, மைக்ரோஸ்கோப்பில் மலேரியாக் கிருமியைக் காட்டினார் மேன்சன். அதுவரை அப்படி ஒரு கிருமி இருக்கிறது என்பதையே ராஸ் நம்பவில்லை. பார்த்த பிறகு ஆளே மாறிவிட்டார். 37 வயசு. 1895 ஏப்ரலில் பம்பாயில் கப்பல் விட்டு இறங்கியதும், மூட்டை முடிச்சு சுங்கத்திலிருந்து வெளியே வருவதற்குள் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடி மலேரியா நோயாளி இருக்கிறார்களா என்று தேடினாராம்.

போஸ்டிங் செகந்தராபாத். மெட்ராஸ் காலாட்படையின் 19-ம் பிரிவுக்கு டாக்டர். பேகம்பேட்டில் படை ஆஸ்பத்திரி. 1895 மே மாதம் அப்துல் காதர் என்ற நோயாளி கிடைத்தார். அவர் ரத்தத்தைக் குடித்த கொசுவை அறுத்துப் பார்த்தார் ராஸ். கிருமி கொசுவின் வயிற்றில் முதல் படி வளர்வது தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் நகரவில்லை.

இங்கே ரெண்டு தப்பு நடந்தது. ரெண்டும் சாதாரணத் தப்பு இல்லை.

முதல் தப்பு குருவுடையது. கொசு ஒரே தடவைதான் கடிக்கும், பிறகு தண்ணீரில் முட்டை போட்டுச் செத்துவிடும், அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவனுக்கு நோய் வரும் என்று மேன்சன் நினைத்தார். சிஷ்யர் அதைச் சோதித்தார். எப்படி? செத்த கொசு ஊறிய தண்ணீரை ஆட்களுக்குக் குடிக்கக் கொடுத்து! லட்ச்மன் என்ற உள்ளூர் ஆள் சம்மதித்துக் குடித்தார். சில நாளில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ராஸுக்கு ஏக சந்தோஷம். ஆனால் மேற்கொண்டு பலருக்குக் கொடுத்துப் பார்த்ததில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது. அன்றைக்குக் கேட்பார் இல்லை. சும்மா ஒரு பக்கமாகப் பேசக்கூடாது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1900-ல் கொசுக்கடியால் மலேரியா வருகிறது என்று நிரூபிக்க மேன்சன் தன் சொந்த மகனையே மலேரியாக் கொசுவுக்குக் கொடுத்தார். மகனுக்கு மலேரியா வந்தது, பிழைத்துக்கொண்டார்.

ரெண்டாவது தப்பு ராஸுடையது. தப்பான கொசு. அவர் கொசுவை நிறத்தை வைத்துத்தான் பிரித்தார். சாம்பல் கொசு, வரிக்கொசு என்று ரெண்டு வகை. இன்றைய கணக்கில் சாம்பல் என்பது க்யூலெக்ஸ், வரி என்பது ஏடிஸ். மனிதனுடைய மலேரியாக் கிருமி இந்த ரெண்டிலும் வளராது. அனோஃபிலிஸ் என்ற வகையில் மட்டும்தான் வளரும். இது தெரியாமல் நூற்றுக்கணக்கான கொசுவை அறுத்துக்கொண்டே இருந்தார். நடுவில் பெங்களூரில் காலரா என்று அங்கே அனுப்பிவிட்டார்கள். ரெண்டு வருஷம் ஓடிவிட்டது.

வழி கிடைத்தது நம்ம ஊர்ப் பக்கம். 1897 ஏப்ரல் கடைசியில் லீவு போட்டு ஊட்டி வந்தவர், அங்கிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிப் பக்கம் இறங்குகிற சீகூர் மலைச்சரிவுக்குப் போனார். மலேரியாவுக்குப் பேர் போன இடம். ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு ஜாக்கிரதையாகத்தான் இருந்தார். சில நாளில் அவருக்கே மலேரியா! கொய்னா சாப்பிட்டுத் தேறினார். அங்கேதான் சுவரில் ஒரு புதுவிதக் கொசு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். இறக்கையில் புள்ளி. மற்ற கொசு மாதிரிக் கூன் போட்டு உட்காராமல், தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கி, சுவரில் குத்தின ஆணி மாதிரிச் சாய்ந்து நின்றது. இன்றைக்கும் அனோஃபிலிஸை அடையாளம் காண இதுதான் சுலப வழி. நீங்களும் உங்க வீட்டுச் சுவரில் பார்க்கலாம்.

ஜூன் மாதம் செகந்தராபாத் திரும்பினார். மழை சரியாகப் பெய்யாமல் உஷ்ணம் தகித்த வருஷம். பங்கா போட முடியாது, போட்டால் அறுத்து வைத்த கொசு பறந்துவிடும். நெற்றி வேர்வை பட்டு மைக்ரோஸ்கோப் திருகாணி துருப்பிடித்தது. கையில் மிச்சம் இருந்த ஒரே ஐபீஸும் விரிசல். இந்த லட்சணத்தில், ஆகஸ்ட் நடுவில், அவருடைய உதவியாளர் ஒரு பாட்டிலில் கொசுப்புழு கொண்டுவந்தார். பொரிந்து வந்தவை எல்லாம் இறக்கையில் புள்ளி போட்ட கொசு.

ஆகஸ்ட் 16. மலேரியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஹுசைன் கான் என்பவரைக் கொசுவலைக்குள் படுக்க வைத்து, அந்தக் கொசுக்களை உள்ளே விட்டார்கள். ரத்தம் குடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா கூலி. மொத்தம் எட்டணா. நம்ம கணக்கில் அரை ரூபாய்.

பிறகு தினம் ஒன்றிரண்டாக அறுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. ஆகஸ்ட் 20 வந்தபோது கையிருப்பு கிட்டத்தட்டக் காலி. மத்தியானம் ஒரு கொசுவை அறுத்து, அதன் வயிற்றுச் சுவரை ஓரம் ஓரமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் உருண்டையாக ஒரு அறை. அதற்குள்ளே கறுப்புத் துகள்! கொசுவின் உடம்பில் அந்தத் துகள் இருக்க வழியே இல்லை. அது மலேரியா விட்டுப் போகிற கரி. மறுநாள் இன்னொரு கொசு. அதே உருண்டை, ஆனால் முந்தின நாளைவிடப் பெருசு. ஒரு நாள் கூடுதலாக இருந்த கொசுவில் பெருசாக இருக்கிறது என்றால், அது உள்ளே வளர்கிறது என்று அர்த்தம். தீர்ந்தது விஷயம்.

அன்று கவிதை ஒன்று எழுதி மனைவிக்கு அனுப்பினார். (சொன்னேனே, அடிப்படையில் கவிஞர்!) அந்த வருஷம் டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. அதற்கு ஆதாரம் மொத்தமே ரெண்டு கொசு. இன்றைக்கும் ஆகஸ்ட் 20-ஐ உலகக் கொசு நாள் என்கிறார்கள்.

இனி வருவது பேங்க்காரர்களுக்கும் சென்ட்ரல் கவர்ன்மென்ட்காரர்களுக்கும் நன்றாகப் புரியும். செப்டம்பரில் ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துவிட்டது! எங்கே? ராஜபுதானாவில் உதய்ப்பூருக்குத் தெற்கே கேர்வாரா என்ற ஊர். அங்கே மலேரியாவே கிடையாது. எந்தத் துரை எந்த ஃபைலைப் பார்த்துப் போட்டாரோ. நாலரை வருஷம் கூட இருந்த கிளையில் லோன் எல்லாம் ஒழுங்காகி வரும்போது தூக்கி வேறு கிளையில் போடுவார்களே, அதேதான். வேலையை விட்டுவிடுகிறேன் என்கிற அளவுக்கு ராஸ் போனார். லண்டனிலிருந்து மேன்சன் ஆளைப் பிடித்து, எழுதி, மன்றாடி, கடைசியில் 1898 பிப்ரவரியில் கல்கத்தாவில் ஆராய்ச்சிக்கென்றே ஒரு வருஷ ட்யூட்டி கிடைத்தது.

கல்கத்தாவில் வேறு பிரச்சினை. அப்போது பிளேக் பயம், தடுப்பூசிப் பயம். விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறேன் என்றால் ஜனங்கள் ஓட்டம் பிடித்தார்கள். சரி, மனுஷன் வேண்டாம், பறவைக்கும் மலேரியா வருகிறதே என்று குருவிக்குப் போனார். கூட இருந்து கொசு வளர்த்து, குருவி பிடித்து, ராப்பகலாக உழைத்தவர் முகம்மது பக்ஸ். ராஸ் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்ட ஆள். இதில் வேடிக்கை என்னவென்றால், செகந்தராபாத்தில் ரெண்டு வருஷம் வீணாக அறுத்தாரே சாம்பல் கொசு, பறவை மலேரியாவுக்குச் சரியான கொசு அதுதான்.

1898 ஜூலை 4. வயிற்றுச் சுவர் உருண்டை முற்றி வெடிக்கிறது, உள்ளிருந்து நூல் நூலாகக் கிருமி வெளியே வருகிறது, கொசுவின் உடம்பெல்லாம் பரவுகிறது. எங்கே போய்ச் சேருகிறது என்று துரத்திக்கொண்டே போனவர் வந்து நின்ற இடம் கொசுவின் எச்சில் சுரப்பி. அப்படியென்றால் குடிக்கிற தண்ணீர் இல்லை, கெட்ட காற்று இல்லை. கடி! கொசு கடிக்கும்போது எச்சில் வழியாக இறங்குகிறது. நோயுள்ள கொசுவை நல்ல குருவியின் மேல் விட்டார். குருவிக்கு மலேரியா வந்தது. அந்த மாதக் கடைசியில் எடின்பரோ மருத்துவ மாநாட்டில் மேன்சன் எழுந்து இதை அறிவித்தார்.

1902-ல் நோபல் பரிசு. பிரிட்டனுக்குக் கிடைத்த முதல் நோபல். அதற்குள் சண்டையும் வந்துவிட்டது. மனித மலேரியா அனோஃபிலிஸ் கொசுவில் முழுச் சுற்று வளர்வதை 1898 கடைசியில் காட்டியவர்கள் இத்தாலியின் கிராஸியும் அவர் கூட்டாளிகளும். பரிசில் அவருக்குப் பங்கு இல்லை. ராஸ் சாகிற வரை கிராஸியைத் திட்டிக்கொண்டே இருந்தார். பெரிய மனசுக்காரர் என்று சொல்ல முடியாது. சறுக்கலும் உண்டு. காலா அசார் காய்ச்சலை ஆராய அஸ்ஸாம் போனவர், அதுவும் மலேரியாதான் என்று தப்பாக முடிவு கட்டினார். 1903-ல் மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் டோனவன் என்ற டாக்டர், நோயாளியின் மண்ணீரலில் வேறொரு கிருமியைப் பார்த்தார். இங்கிலாந்தில் லீஷ்மன் என்பவரும் அதையே பார்த்திருந்தார். அந்தக் கிருமிக்கு ரெண்டு பேர் பேரையும் சேர்த்து ‘லீஷ்மேனியா டோனவனி’ என்று பேர் வைத்தது ராஸ்தான். அதில் மட்டும் நியாயமாக நடந்துகொண்டார்!

என்னைக் கேட்டால், நோபலுக்கு அப்புறம் அவர் செய்தது இன்னும் முக்கியம். சின்ன வயசுக் கணிதப் பித்து இங்கே கை கொடுத்தது. ‘எல்லாக் கொசுவையும் யாரால் ஒழிக்க முடியும்?’ என்று எல்லோரும் கேட்டார்கள். ராஸ் கணக்குப் போட்டுக் காட்டினார்: எல்லாவற்றையும் ஒழிக்க வேண்டியதே இல்லை. ஓர் அளவுக்குக் கீழே குறைத்தால் போதும், நோய் தானாக வற்றிவிடும். நோயுள்ள ஆளைக் கடித்த கொசு, பல நாள் உயிரோடு இருந்து, நல்ல ஆளை மறுபடி கடிக்க வேண்டும். இத்தனையும் நடந்தால்தான் ஒரு புது நோயாளி. கொசு குறையக் குறைய இந்தச் சங்கிலி அறுந்துகொண்டே வரும். 1910-ல் வந்த அவர் புத்தகத்தில் இது இருக்கிறது. தொற்றுநோய் பற்றி இன்று போடுகிற கணக்குகளுக்கு அதுவும் ஒரு பிள்ளையார் சுழி. கோவிட் காலத்தில் டிவியில் தினம் சொன்னார்களே ‘ஆர்’ எண், ஒருத்தர் எத்தனை பேருக்குக் கொடுக்கிறார் என்று, அதற்கெல்லாம் ராஸின் கணக்கு பாட்டன் முறை.

கணக்கு நம்ம நாட்டில் என்ன ஆச்சு? சுதந்திரம் வந்த 1947 வாக்கில் வருஷத்துக்குச் சுமார் ஏழரைக் கோடி பேருக்கு மலேரியா, 8 லட்சம் சாவு என்று மதிப்பீடு. 1953-ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம், 1958-ல் ஒழிப்புத் திட்டம். டிடிடி அடித்தார்கள். 1965 வாக்கில் நோயாளிகள் சுமார் ஒரு லட்சமாக இறங்கிவிட்டது. அவ்வளவுதான், ஒழிந்தது என்று அசந்தோம். கொசுவுக்கு மருந்து பழகிவிட்டது, நமக்குச் சோம்பல் பழகிவிட்டது. 1976-ல் மறுபடி 64 லட்சம். தொட்டியை ஒரு தடவை கவிழ்த்தால் போதாது.

இப்போது என் தொட்டிக்கு வருகிறேன்.

பொண்ணு தேறி வீடு வந்த மறுநாள் மாநகராட்சி ஆட்கள் டார்ச்சோடு வந்தார்கள். எனக்கு யார் மேல் சந்தேகம் என்றால், எங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேன் மேல். குடும்பத்தோடு கீழே பார்க்கிங் ஓரத்து ஒற்றை அறையில் இருந்தார். வாசலில் சாக்கடை தேங்குகிறது என்று நான் அவரிடம் பல தடவை சத்தம் போட்டிருக்கிறேன். வந்தவர் சாக்கடையை எட்டிப் பார்த்துவிட்டு, “இது வேற கொசு சார், உங்களுக்கு வந்தது இதுல இல்ல” என்று சொல்லி நேராக மாடிக்கு வந்தார். எங்க வீட்டு பால்கனியில் வரிசையாக ஒன்பது பாட்டிலில் மணி ப்ளான்ட். தங்கமணியும் நானும் ஆசையாக வளர்த்தது. ரெண்டாவது பாட்டிலைத் தூக்கி டார்ச் அடித்தார். பளிங்கு மாதிரித் தண்ணி. உள்ளே தலைகீழாகத் தொங்கிக்கொண்டு புழு நெளிகிறது. பக்கத்திலிருந்த கூலர் தொட்டியிலும் அதே.

அந்தப் புழு பொரிந்தால் வருவது எது தெரியுமா? ராஸ் செகந்தராபாத்தில் ரெண்டு வருஷம் அறுத்துப் பார்த்துவிட்டு, இதில் மலேரியா இல்லை என்று ஒதுக்கி வைத்தாரே, அந்த வரிக்கொசு. மலேரியா வழக்கில் நிரபராதி. டெங்கு வழக்கில் முதல் குற்றவாளி. ராஸ் மேல் தப்பில்லை, அவர் தேடியது வேறு.

போகும்போது அந்த ஆள் பேச்சுவாக்கில் சொன்னார், “கீழே வாட்ச்மேன் பையனுக்கும் போன வாரம் இதேதான் சார்.” எனக்குத் தெரியாது. பையன் ஒரு வாரம் முன்னாலேயே கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வந்திருக்கிறான். என் பொண்ணுக்கு வந்ததும் நான் அபார்ட்மென்ட்டையே ரெண்டாக்கிவிட்டேன், அவர் யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கொசு ரொம்ப தூரம் பறக்காது. பிறந்த இடத்தைச் சுற்றித்தான் கடிக்கும். எங்க பால்கனிக்கு நேர் கீழே அவர்கள் அறை.

சாயங்காலம் பழம் வாங்கிக்கொண்டு கீழே போனேன். பையனின் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினார். அதில் அப்பா பெயர் என்ற இடத்தில் எழுதியிருந்ததைப் படித்தபோதுதான் அவர் பேர் எனக்குத் தெரிந்தது. நாலு வருஷமாக அவரை ‘வாட்ச்மேன்’ என்றே கூப்பிட்டிருக்கிறேன். ராஸைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஹுசைன் கான் பேரையும், கொடுத்த கூலியையும் எழுதி வைத்திருக்கிறார். அப்துல் காதர், லட்ச்மன், முகம்மது பக்ஸ் என்று மற்றவர்களையும். நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து நான் அந்தப் பேர்களைப் படிக்க முடிகிறது.

புழு எங்க வீட்டுப் பாட்டிலில் இருந்தது என்று அன்றைக்கு அவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். சொல்லவில்லை. பழத்தைக் கொடுத்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். 2016-ல் அவர் மெஹபூப்நகர் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டார்.

அந்த அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொண்ணைக் கூட்டிக்கொண்டு பேகம்பேட் கட்டடத்தைப் பார்க்கப் போனேன். இன்று அது ராஸ் பேரிலேயே உஸ்மானியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இடம். பழைய காலத்து ஓடு, அகலமான தாழ்வாரம், சுற்றி மரம். ஹுசைன் கான் கதையைச் சொன்னேன். “எட்டணான்னா எவ்வளவுப்பா?” என்றாள். ஐம்பது பைசா என்றேன். அவள் அப்படி ஒரு காசைப் பார்த்ததே இல்லை. “அவருக்குக் காய்ச்சல் சரியாயிடுச்சா?” என்று அடுத்த கேள்வி. எல்லோரும் கொசுவுக்கு என்ன ஆச்சு என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நான் படித்த எந்த இடத்திலும் இந்தக் கேள்விக்குப் பதில் பார்த்ததாக ஞாபகம் இல்லை. பேசாமல் ஸ்கூட்டரை எடுத்தேன்.

இப்போது அவள் காலேஜ் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்க வீட்டில் ஒரு வேலை உண்டு. கூலர் தொட்டி, பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, மொட்டை மாடியில் யாரோ போட்ட உடைந்த பக்கெட், எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் காய வைப்பது. வெறுமனே தண்ணியை ஊற்றினால் போதாது, வரிக்கொசு முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கும். தேய்க்க வேண்டும். முட்டை புழுவாகிக் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதனால் வாரத்துக்கு ஒரு தடவை செய்தால் சங்கிலி அறுந்துவிடும். மணி ப்ளான்ட் எல்லாம் மண் தொட்டிக்கு மாறியாச்சு. 1883-ல் பெங்களூரில் ராஸ் செய்தது இதைத்தான்.

ஊரை விட்டு வந்து டெல்லியிலோ, பம்பாயிலோ, புனேயிலோ மூணாவது மாடியில் குடியிருக்கிற நம்ம ஜனங்களே, படித்து முடித்ததும் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் வாருங்கள். கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் எட்டிப் பாருங்கள்.